மலையில ஆக்சிடென்ட், ஹெலிகாப்டர் வேணும்னா என்ன பண்ணணும்: டெஸ்க்குல புதுசா உக்கார்றவங்களுக்கு

ஆம்புலன்ஸ் டெஸ்க்குக்கு புதுசா வர்ற பிள்ளைங்க முதல் வாரத்துலயே கேட்டுருவாங்க, "அக்கா, வேன் பள்ளத்துல விழுந்துருக்கு, கோயம்புத்தூர் கொண்டுபோய்ச் சேர்க்க ரெண்டு மணி நேரமாகும், ஏன் ஒரு ஹெலிகாப்டரை வரச் சொல்லக்கூடாது?" நல்ல கேள்விதான், கேக்கணும். நீலகிரியில போன் எடுத்து வண்டி அனுப்பற வேலையில நான் ரொம்ப வருஷம் இருந்துட்டேன், இந்தக் கேள்விக்கு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்லிச் சொல்லி, சரி ஒரேயடியா எழுதிருவோம்னு உக்காந்துட்டேன். டெஸ்க்குல இருக்கறவங்களுக்கு மட்டும் இல்ல, எஸ்டேட் டிஸ்பென்சரி நர்ஸ், ஊர்ல முதல் ஆளா ஓடிப்போற பசங்க, ரிசார்ட் மேனேஜர், எல்லாருக்கும் சேர்த்துத்தான்.

முதல்லயே ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடறேன். 108-க்கு போன் பண்ணினா வானத்துல இருந்து வண்டி இறங்கும்னு யாரும் நினைச்சுக்காதீங்க. ஜெர்மனியில மியூனிக் நகரத்துல 1970-லயே கிறிஸ்டோஃப் 1-னு பேர் வெச்சு டாக்டரோட ஹெலிகாப்டரை ஆக்சிடென்ட் இடத்துக்கே அனுப்ப ஆரம்பிச்சுட்டாங்க, அமெரிக்காவுல மேரிலாந்து போலீசும் அதே வருஷம்தான், நம்ம நாட்டுல ரிஷிகேஷ் எய்ம்ஸ்ல 2024 அக்டோபர்லதான் ஹெலி ஆம்புலன்ஸ் ஆரம்பிச்சுது. நம்ம மலையில ஹெலிகாப்டர் வர்றதுன்னா அது தனியா கேட்டு, அனுமதி வாங்கி, வானிலை ஒத்துழைச்சு வர்றது. அப்படி வர்ற அந்த ஒரு நாள்ல நாம தடுமாறக்கூடாது, அதுக்குத்தான் இது.

ரோடு வண்டியை முதல்ல கிளப்புங்க, நிறுத்தாதீங்க

போன் வந்த உடனே பக்கத்து ஆம்புலன்ஸ் கிளம்பணும். ஹெலிகாப்டர் பேச்சு அதுக்கப்புறம்தான். ஹெலிகாப்டர் "வருது"ன்னு உறுதியா சொன்னாலும் ரோடு வண்டியை திருப்பி அனுப்பாதீங்க, அது தரையைத் தொட்டு, நோயாளியை ஏத்திக்கிட்டு மேல கிளம்பிப் போனதைக் கண்ணால பாத்த பிறகுதான் அந்த வண்டிக்கு விடுதலை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. சில வருஷம் முன்னாடி ஒரு பங்களாவுக்கு வந்த விருந்தாளி பாறையில இருந்து வழுக்கி விழுந்துட்டார், தலையில அடி, ஒரு பக்கம் கை அசையல. எங்க வண்டி பதினெட்டு நிமிஷத்துல போய்ச் சேர்ந்துருச்சு. ஆனா அவங்க வீட்டு ஆளுங்க தனியார் ஹெலிகாப்டருக்கு ஏற்பாடு பண்ணிட்டோம், கீழ கிளம்பிருச்சு, ஸ்கூல் மைதானத்துல வெயிட் பண்ணுங்கன்னாங்க. நாங்களும் சரின்னுட்டோம். மணி மூணு. ஸ்ட்ரெச்சரை மைதானத்து ஓரமா வெச்சுட்டு எங்க ஆம்புலன்ஸ் பையன் போன்ல என்கிட்ட பேசிட்டே இருந்தான், "அக்கா அந்தப் பக்கத்து கோல் போஸ்ட் தெரியுது"ன்னான், கொஞ்ச நேரத்துல "ஒரு கம்பம்தான் தெரியுது"ன்னான், அப்புறம் "அதுவும் இல்லக்கா"ன்னான். மேகம் பள்ளத்தாக்குல இருந்து ஏறி மைதானத்தை மூடிருச்சு. மேட்டுப்பாளையம் வரைக்கும் வந்த ஹெலிகாப்டர் திரும்பிப் போயிருச்சு, பைலட் பண்ணினது நூத்துக்கு நூறு சரி. ஆனா நாங்க அந்த மைதானத்துல சும்மா நின்னது ஒண்ணேகால் மணி நேரம். அவ்வளவு நேரத்துல வண்டி பர்லியாறு தாண்டி மேட்டுப்பாளையம் இறங்கியிருக்கும். அவர் பிழைச்சுட்டார், அது வேற விஷயம், நான் அன்னைக்கு "சரி"ன்னு சொன்னது இன்னும் காதுல கேட்டுட்டுத்தான் இருக்கு.

அதனால ரெண்டும் சேர்ந்தே ஓடணும். ரோடு வண்டி நோயாளியை எடுத்துக்கிட்டு கீழ இறங்கிட்டே இருக்கட்டும், ஹெலிகாப்டர் வந்தா வழியில ஒரு மைதானத்துல சந்திக்கலாம், வரலைன்னா நஷ்டம் ஒண்ணும் இல்ல.

எங்க நடந்துச்சு?

பாதி நேரம் இங்கதான் வீணாப் போகுது. போன் பண்றவர் பெரும்பாலும் டூரிஸ்ட், அவருக்கு ஊர் பேர் தெரியாது, "ஊட்டி போற வழியில ஒரு வளைவு"ம்பார். அவர்கிட்ட "எங்க சார்?"னு திரும்பத் திரும்ப கேட்டா கோபம்தான் வரும். கேள்வியை மாத்துங்க. "வளைவுல மஞ்ச போர்டு இருக்கா, அதுல என்ன நம்பர்?" கல்ஹட்டி ரோட்டுல மொத்தம் 36 கொண்டை ஊசி வளைவு, போர்டுல நம்பர் இருக்கும், அந்த நம்பர் கிடைச்சா போதும். இல்லைனா கிலோமீட்டர் கல்லு. இல்லைனா கடைசியா எந்த செக்போஸ்ட், எந்த டீக்கடை தாண்டினீங்க, மேல ஏறிட்டு இருந்தீங்களா கீழ இறங்கிட்டு இருந்தீங்களா. கூடலூர் பக்கம்னா மலையாளம், மசினகுடி பக்கம்னா கன்னடம் பேசறவங்க நிறைய வருவாங்க, பக்கத்து சீட்ல யாருக்கு என்ன பாஷை வரும்னு முன்னாடியே தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

ரோடு வண்டிக்கு இது போதும், ஹெலிகாப்டருக்குப் போதாது. மேல இருந்து பாக்கற பைலட்டுக்கு வளைவு நம்பர் தெரியாது, டீக்கடையும் தெரியாது, அவருக்கு அட்சரேகை தீர்க்கரேகைதான் வேணும். கூகுள் மேப்ஸ்ல நீலப் புள்ளி மேல விரலை அழுத்திப் பிடிச்சா ரெண்டு நம்பர் வரும், வாட்ஸ்அப் லொகேஷன் அனுப்பறதுக்கு நெட் வேணும், ஆனா சிக்னல் ஒரு கட்டை இருந்தாக்கூட இந்த நம்பரை வாயால படிச்சுச் சொல்லிரலாம், ஏன்னா ஜி.பி.எஸ்-க்கு நெட் தேவையில்ல.

சரி பாக்க ஒரு சுலபமான வழி: நீலகிரிக்குள்ளன்னா முதல் நம்பர் 11-ல ஆரம்பிக்கும், ரெண்டாவது 76-ல. கொடைக்கானல் பக்கம்னா 10, 77. இது வரலைன்னா படிச்சதுல ஏதோ தப்பு, திரும்பக் கேளுங்க.

இன்னொரு குழி இருக்கு, இதுல அனுபவசாலிகளே விழுந்துருக்காங்க. போன்ல வர்றது புள்ளி வெச்ச டிகிரி, பைலட்டுங்க வழக்கமா பேசறது டிகிரியும் நிமிஷமும். குன்னூர் தோராயமா 11.35. இதை நீங்க "பதினொண்ணு முப்பத்தஞ்சு"ன்னு சொன்னா எதிர்ப்பக்கம் 11 டிகிரி 35 நிமிஷம்னு எழுதிக்குவாங்க. ஆனா 0.35 டிகிரின்னா அதை 60-ஆல பெருக்கணும், 21 நிமிஷம்தான் வரும். வித்தியாசம் 14 நிமிஷம். ஒரு நிமிஷம்னா 1.85 கிலோமீட்டர், ஆக மொத்தம் 26 கிலோமீட்டர் வடக்க, குன்னூருக்கு வர வேண்டிய ஹெலிகாப்டர் மாயாறு பக்கத்து காட்டுக்கு மேல சுத்திக்கிட்டு இருக்கும். அதனால "பதினொண்ணு புள்ளி மூணு அஞ்சு டிகிரி"ன்னு புள்ளியையும் டிகிரியையும் வாய்விட்டுச் சொல்லுங்க, அவங்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்க.

உண்மையிலேயே தேவையா?

எலும்பு முறிவு எல்லாத்துக்கும் ஹெலிகாப்டர் கேக்க முடியாது. போன்ல கேட்டே முடிவு பண்ண சில விஷயம்: கூப்பிட்டா பதில் சொல்லாம கிடக்கறாரா, இல்ல உளறறாரா, மூச்சு ரொம்ப வேகமா இல்ல ரொம்ப மெதுவா இருக்கா, இருபது அடிக்கு மேல இருந்து விழுந்தாரா, வண்டியில இருந்து வெளிய தூக்கி எறியப்பட்டாரா, அதே வண்டியில பக்கத்துல இருந்தவர் இறந்துட்டாரா, நெஞ்சுல வயித்துல ஏதாவது குத்தியிருக்கா, இடுப்பெலும்பு, ரெண்டு தொடை எலும்பு உடைஞ்சிருக்கா, கை கால் துண்டாயிருச்சா, கால்ல உணர்ச்சி இல்லையா. இதுல ஒண்ணு "ஆமா"ன்னாலே பெரிய ஆஸ்பத்திரிக்கு சீக்கிரம் போகணும். ஏற்கனவே நாடித்துடிப்பு நின்னு நெஞ்சை அழுத்திக்கிட்டு இருக்கற நோயாளிக்கு ஹெலிகாப்டர் உதவாது, பறக்கும்போது அந்த இடுக்குல ஒழுங்கா அழுத்த முடியாது, பக்கத்து ஆஸ்பத்திரிதான்.

அடுத்தது கணக்கு. கோயம்புத்தூர் பக்கத்து சூலூர் விமானப்படைத் தளத்துல இருந்து குன்னூர் பக்கத்து வெலிங்டனுக்கு ஹெலிகாப்டர் அரை மணி நேரத்துக்குள்ள வந்துரும், இதை மட்டும் பாத்து ஏமாறக்கூடாது. அனுமதிக்கு ஒரு நேரம், பைலட், டாக்டர் ஏற, இன்ஜின் சூடாக ஒரு நேரம், இங்க வந்து மைதானத்தைத் தேடி ஒரு சுத்து சுத்தி இறங்க ஒரு நேரம், நோயாளியை ஏத்த ஒரு நேரம், திரும்பப் பறக்க ஒரு நேரம், அங்க இறங்கி ஆஸ்பத்திரி போக ஒரு நேரம். எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதிக் கூட்டிப் பாருங்க. பர்லியாறுல நடந்த ஆக்சிடென்ட்டுக்கு ரோடுதான் ஜெயிக்கும், அங்க இருந்து மேட்டுப்பாளையம் எவ்வளவு தூரம், அந்நேரத்துக்குள்ள இறங்கிரலாம். மஞ்சூர் தாண்டி கின்னக்கொரை மாதிரி ரோடு முடியற ஊர்ல நடந்தா, இல்ல மண்சரிவுல ரோடே இல்லைனா, அப்போ கணக்கு மாறும். ரோடு மாட்டிக்கிச்சுங்கறதும் ஒரு காரணம்தான், சீசன்ல சனி ஞாயிறு குன்னூர் ரோடு எப்படி இருக்கும்னு நான் சொல்லணுமா?

2023 செப்டம்பர் 30 சாயங்காலம் மரப்பாலம் பக்கத்துல டூரிஸ்ட் பஸ் கவிழ்ந்தப்போ பள்ளத்துல இருந்து கயிறு கட்டி ஆளுங்களைத் தூக்கி, ஆம்புலன்ஸ்ல வரிசையா குன்னூர் லாலி ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போனாங்க. இருட்டப் போற நேரம், செங்குத்துப் பள்ளம், ஒரே நேரத்துல ஐம்பது பேருக்கு மேல. அந்த மாதிரி இடத்துல பக்கத்து ஆஸ்பத்திரியும் கயிறும் வண்டியும்தான் உயிரைக் காப்பாத்தும். அங்க முதல் சிகிச்சை முடிஞ்சு ரத்தம் நின்ன பிறகு, அங்க இருந்து யாரை மேல தூக்கணும்னு யோசிக்கலாம்.

யார்கிட்ட கேக்கறது

நீங்களா விமானப்படைக்கு போன் பண்ண முடியாது, பண்ணவும் கூடாது. மாவட்ட கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. கலெக்டர் வழியா கோரிக்கை மேல போகும், அரசு கேக்கும், சூலூர்ல இருந்து வர்றதான்னு அவங்க முடிவு பண்ணுவாங்க. 2018 மார்ச்ல தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத்தீ அப்போ இப்படித்தான் விமானப்படை ஹெலிகாப்டர் வந்துச்சு, 2024 மார்ச்ல குன்னூர் காட்டுல தீ பிடிச்சப்போ பெரிய வாளியில தண்ணி மொண்டு ஊத்தினதும் அப்படித்தான். குரங்கணியில கூட பல பேரை ஊர்க்காரங்களும் வனத்துறை, போலீஸ் ஆளுங்களும் டோலி கட்டித்தான் தூக்கிட்டு வந்தாங்க, அதையும் மறந்துடக்கூடாது.

தனியார் ஏர் ஆம்புலன்ஸ்னா பெரும்பாலும் ஒரு ஆஸ்பத்திரியில இருந்து இன்னொரு ஆஸ்பத்திரிக்கு மாத்தறதுக்குத்தான், பணம் கட்டி, டாக்டர் லெட்டர் வாங்கி. வீட்டு ஆளுங்க அதுக்கு ஏற்பாடு பண்ணினா அந்தக் கம்பெனி நம்பரை உடனே வாங்கி நீங்களே நேரடியா பேசுங்க, நடுவுல மாமா மச்சான்னு நாலு பேர் வாய் வழியா சேதி வந்தா என்ன ஆகும்னு மேல சொன்னேனே.

முக்கியமா, ஒருத்தர் வானிலை சரியில்லன்னு மறுத்துட்டா, அடுத்தவரைக் கேக்கும்போது "முன்னாடி ஒருத்தர் இந்தக் காரணத்துக்காக மறுத்துட்டார்"னு சொல்லியே ஆகணும். அதை மறைச்சு ஆள் மாத்தி ஆள் கேட்டுக்கிட்டே போனா, யாரோ ஒருத்தர் விஷயம் தெரியாம "சரி வர்றேன்"பார். அந்த சரி ரொம்ப ஆபத்து.

மேகம், பைலட், நம்ம வாய்

இங்க கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன், நம்ம மலைக்கு இதுதான் எல்லாத்துலயும் பெருசு.

2021 டிசம்பர் 8. சூலூர்ல இருந்து 11.48-க்கு கிளம்பின விமானப்படை எம்.ஐ.17 ஹெலிகாப்டர் 12.15-க்கு வெலிங்டன்ல இறங்க வேண்டியது, காட்டேரி பக்கம் நஞ்சப்பசத்திரத்துல விழுந்துருச்சு. ஜெனரல் பிபின் ராவத் உட்பட எல்லாருமே போயிட்டாங்க, ஒருத்தர் மட்டும் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில போராடினார். பள்ளத்தாக்குல திடீர்னு வானிலை மாறி மேகத்துக்குள்ள நுழைஞ்சதுல திசை தெரியாமப் போச்சுன்னு முப்படை விசாரணையில சொன்னாங்க. நல்ல இயந்திரம், அனுபவமான பைலட்டுங்க, நாட்டோட உயர்ந்த தளபதி உள்ள, பகல் பன்னிரண்டு மணி. அப்பவே அப்படின்னா, யோசிச்சுக்கோங்க. அன்னைக்கு குடத்துல தண்ணியும் போர்வையும் தூக்கிட்டு முதல்ல ஓடினது அந்த ஊர் ஜனங்க.

2024 நவம்பர்ல குடியரசுத் தலைவர் ஊட்டி வந்தப்போ மேகமூட்டம்னு ஹெலிகாப்டரை விட்டுட்டு கோயம்புத்தூர்ல இருந்து ரோட்டுலதான் வந்தாங்க. அவங்களுக்கே அதுதான் சரின்னா நமக்கும் அதுதான் சரி.

இதுல டெஸ்க்குல இருக்கறவங்களோட பங்கு என்னன்னா, பைலட்டுக்கு நம்ம வாயால அழுத்தம் கொடுக்காம இருக்கறது. "சார் சின்னக் குழந்தை சார், ஒரே பையன் சார், எப்படியாவது வாங்க சார்"னு சொல்லத்தான் மனசு துடிக்கும். சொல்லாதீங்க. பறக்கலாமா வேண்டாமான்னு முடிவெடுக்கற பைலட்டுக்கு நோயாளி யாரு, எவ்வளவு மோசம்னு சொல்லக்கூடாதுங்கறது இந்த வேலை ஒழுங்கா நடக்கற ஊர்கள்ல இருக்கற பழக்கம். அந்தக் கதை தெரிஞ்சா அவர் கண்ணு மேகத்தைப் பாக்காது, குழந்தையைத்தான் பாக்கும். அமெரிக்காவுல 2008-ல மெடிக்கல் ஹெலிகாப்டர் விபத்துகள்ல அவ்வளவு பேர் செத்த பிறகுதான் 2014-ல விதிகளையே இறுக்கினாங்க, கிளம்பறதுக்கு முன்னாடி ஆபத்தைக் கணக்குப் போட்டே ஆகணும்னு. அங்க ஒரு வழக்கச் சொல் உண்டு, உள்ள இருக்கற மூணு பேரும் சரின்னாத்தான் போகணும், ஒருத்தர் வேண்டாம்னாலும் நின்னுரணும். காரணம் கேட்டு அந்த ஒருத்தரைக் குடையக்கூடாது.

அப்போ பைலட்டுக்கு என்ன சொல்லணும்? இடம், மைதானம், கம்பி, காத்து, எத்தனை நோயாளி, எடை சுமாரா எவ்வளவு. எடை எதுக்குன்னா ஊட்டி 2,240 மீட்டர் உசரம், காத்து மெலிசு, அதுவும் வெயில் நேரத்துல இன்னும் மெலிசாயிரும், கீழ சுலபமா தூக்கற எடையை இங்க இறக்கை தூக்காது. நோயாளி நிலவரம் எல்லாம் டாக்டருக்கு, தனி போன்ல.

வானிலையைச் சொல்றது ஒரு கலை. "கிளியரா இருக்கு சார்"னு சொல்றதுல ஒரு பிரயோஜனமும் இல்ல, இருக்கற ஆளு ஆசையில சொல்வார். அளந்து கேளுங்க: "நீங்க நிக்கற இடத்துல இருந்து எதிர்மலை செல்போன் டவர் தெரியுதா? அது எவ்வளவு தூரம்? மேல மேகம் மரத்து உச்சியைத் தொடுதா, இல்ல மலை உச்சி முழுசா தெரியுதா?" அஞ்சு நிமிஷம் கழிச்சு திரும்ப அதே கேள்வி. மாறிட்டு இருக்கா, எந்தப் பக்கம் இருந்து ஏறுதுங்கறதுதான் பைலட்டுக்குத் தேவை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கீழ சமவெளியில இருந்து மேகம் முன்மத்தியானத்துக்கு மேல ஏற ஆரம்பிக்கும், காலையில பளிச்சுன்னு இருந்துச்சேங்கறது சாட்சி கிடையாது. கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கு மழை, கேக்கவே வேண்டாம், அவலாஞ்சியில 2019 ஆகஸ்ட் 8 ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் கொட்டின ஊர் இது. அக்டோபர், நவம்பர்னா கிழக்குச் சரிவு. வழியில இருக்கற ஆளுங்களையும் கேளுங்க, இறங்கற இடம் பளிச்சுன்னு இருந்து நடுவுல பர்லியாறு மூடியிருந்தா என்ன பிரயோஜனம்?

இறங்குற இடம்

தேயிலைத் தோட்டம் மேல இருந்து பாத்தா பச்சை மைதானம் மாதிரி இருக்கும், இறங்கவே முடியாது, சரிவு, நடுநடுவுல சில்வர் ஓக் மரம். வேணுங்கறது சமதளம், சின்ன ஹெலிகாப்டருக்குக் குறைஞ்சது முப்பது மீட்டருக்கு முப்பது மீட்டர், விமானப்படை எம்.ஐ.17-னா அதோட இறக்கை மட்டுமே 21 மீட்டர் அகலம் சுத்தும், பெரிய ஸ்கூல் மைதானமே வேணும். ஊட்டியில தீட்டுக்கல் ஹெலிபேட் இருக்கு, கோத்தகிரியில காந்தி மைதானம், மத்த ஊர்ல ஸ்கூல் கிரவுண்டு, படுகர் ஹட்டியில ஊர் மைதானம், எஸ்டேட்ல விளையாட்டு மைதானம்.

மைதானத்துல நடுவுல நின்னு ஒரு முழு சுத்து சுத்திப் பாக்கச் சொல்லுங்க, தரையை இல்ல, மேல. பைலட்டுக்கு எமன் கம்பிதான். கம்பி மேல இருந்து கண்ணுக்குத் தெரியாது, கம்பத்தைத்தான் தேடணும். ரெண்டு கம்பம் தெரிஞ்சா நடுவுல கம்பி இருக்குன்னு எடுத்துக்கோங்க, தெரியலைன்னாலும். நம்ம மலையில பைக்காரா, குந்தா பவர் ஹவுஸ் லைன் எல்லாம் ஒரு மலையில இருந்து அடுத்த மலைக்கு பள்ளத்தாக்கு மேல தொங்கிட்டுப் போகுது, அது மைதானத்துக்கு அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் சொல்லியே ஆகணும், வர்ற வழியில இருக்குமே. கேபிள் டிவி ஒயர், கிரவுண்டுல வாலிபால் நெட், திருவிழாவுக்குக் கட்டின தோரணம், இதெல்லாமும்தான்.

தரையில கிடக்கற பிளாஸ்டிக் சீட்டு, தார்ப்பாய், இலை மூட்டை, தகரம், காலி சிமெண்டு பை எல்லாத்தையும் பொறுக்கி எடுத்துருங்க. இறக்கை அடிக்கற காத்துல தகரம் கத்தி மாதிரி பறக்கும். புழுதி மைதானம்னா தீயணைப்பு வண்டியை வரவழைச்சு தண்ணி அடிக்கச் சொல்லுங்க. மைதானத்துல காட்டுமாடு மேய்ஞ்சுட்டு இருக்கான்னும் பாத்துக்கோங்க, இது விளையாட்டுக்குச் சொல்லல, குன்னூர் கோத்தகிரியில சாயங்காலம் மைதானமே அதுங்களோடதுதான், சத்தம் கேட்டு அது மிரண்டு ஓடினா கூட்டத்துக்குள்ளதான் ஓடும்.

அடையாளத்துக்கு நனைச்ச சுண்ணாம்புல ஒரு பெரிய வட்டம் போட்டா போதும், துணி விரிச்சு கல்லு வெக்காதீங்க, ரெண்டும் பறக்கும். காத்து எந்தப் பக்கம்னு காட்ட ஓரத்துல ஒரு கம்புல கலர் துண்டை இறுக்கிக் கட்டி நிறுத்துங்க, ஹெலிகாப்டர் காத்துக்கு எதிர்முகமாத்தான் இறங்கும். வண்டி ஹெட்லைட்டை பைலட் கண்ணுக்கு நேரா அடிக்கவே கூடாது.

கூட்டம்

சத்தம் கேட்டதும் ஊரே வந்துரும், போனைத் தூக்கிப் பிடிச்சுட்டு. போலீஸ் வர்றதுக்குள்ள ஊர்ல மதிப்பு உள்ள ரெண்டு பேரைப் பிடிச்சு கயிறு கட்டி நிறுத்தச் சொல்லுங்க, குறைஞ்சது முப்பது மீட்டர் தள்ளி. குல்லா, மப்ளர், துப்பட்டா, கொடை எல்லாம் பறந்து இறக்கையில மாட்டும், கழட்டிக் கையில வெச்சுக்கணும். பின்னாடி வால்ல சுத்தற சின்ன விசிறி சுத்தும்போது கண்ணுக்கே தெரியாது, தலை உசரத்துலயே இருக்கும், அந்தப் பக்கம் யாரும் போகவே கூடாது, குழந்தைங்களைக் கையில பிடிச்சுக்கச் சொல்லுங்க.

ஹெலிகாப்டர் ஆளு கை காட்டினாத்தான் கிட்டப் போகணும், பைலட் கண்ணுல படற மாதிரி முன்பக்கமா, குனிஞ்சு. நம்ம ஊர்ல எந்த மைதானமும் முழு சமதளம் கிடையாது, அதனால எப்பவும் தாழ்ந்த பக்கம் இருந்து ஏறிப் போங்க, மேட்டுப் பக்கம் இருந்து இறங்கினா இறக்கை தலைக்கு நேரா வரும். டிரிப்ஸ் ஸ்டாண்டை நிமித்திப் பிடிக்காதீங்க, பாட்டிலை நோயாளி மேலயே படுக்க வைங்க.

ஏத்தறதுக்கு முன்னாடி

உள்ள போன பிறகு ஸ்டெதாஸ்கோப்ல ஒண்ணும் கேக்காது, அவ்வளவு சத்தம், இடமும் கிடையாது. மூச்சுக்குழாய், டிரிப்ஸ் லைன், இடுப்பைச் சுத்திக் கட்டற பட்டை எல்லாம் தரையிலயே முடிச்சுரணும்.

மலைக்குன்னு ஒரு விஷயம். மேட்டுப்பாளையத்துல வாங்கின சிப்ஸ் பாக்கெட் ஊட்டி வரும்போது உப்பி நிக்கும் பாத்துருப்பீங்க, ஊட்டியில மூடின காலி தண்ணி பாட்டில் கீழ போனா நசுங்கியிருக்கும். அதே மாதிரிதான் காத்து ஊதிக் கட்டற கட்டும், மூச்சுக்குழாயைப் பிடிச்சு வெக்கற சின்ன பலூனும். ஊட்டியில சரியா ஊதினது கோயம்புத்தூர் இறங்கும்போது தளர்ந்து போகும். மாறா, நெஞ்சுக்கூட்டுல காத்து சேர்ந்த நோயாளிக்கு ஹெலிகாப்டர் மலைமுகட்டைத் தாண்ட மேல ஏறும்போது அந்தக் காத்து விரியும், மூச்சு முட்டும். நெஞ்சுல அடின்னா டாக்டர்கிட்ட இதைச் சொல்லிருங்க, மறக்காம.

அந்தப் பக்கம்

ஹெலிகாப்டர் மேல போனதும் எல்லாரும் பெருமூச்சு விட்டு உக்காந்துருவாங்க, டெஸ்க்குக்கு வேலை முடியல. அது ஏர்போர்ட்டுலயோ சூலூர்லயோ இறங்கினா அங்க ஒரு ஆம்புலன்ஸ் கதவைத் திறந்து நிக்கணும், ஆஸ்பத்திரி கேஷுவால்ட்டிக்கு நோயாளி வர்ற நேரமும் ரத்த குரூப்பும் போயிருக்கணும். கூட வந்த சொந்தக்காரங்களுக்கு உள்ள இடம் இருக்காது, அவங்க எந்த ஆஸ்பத்திரிக்குன்னு தெரியாம அழுதுட்டு நிப்பாங்க, ஒரு துண்டுச்சீட்டுல ஆஸ்பத்திரி பேரை எழுதிக் கையில கொடுத்து ஒரு வண்டி பிடிச்சு அனுப்பி வைங்க. பைலட் பாதியில திரும்பினாலும் திட்டாதீங்க, ரோடு வண்டி டிரைவருக்கு "போய்க்கிட்டே இருங்கண்ணா"ன்னு ஒரு போன், அவ்வளவுதான்.

இதெல்லாம் ஆக்சிடென்ட் அன்னைக்கு ஆரம்பிச்சா நடக்காது. எங்க டெஸ்க்குல ஒரு நீள நோட்டு இருக்கு, ஒவ்வொரு மைதானத்துக்கும் ஒரு பக்கம். அட்சரேகை தீர்க்கரேகை நம்பர் ரெண்டு விதத்துலயும் எழுதியிருக்கோம், எத்தனை அடி நீளம் அகலம்னு நடந்தே அளந்தோம், கம்பி எந்தப் பக்கம், எந்த மாசம் சேறாயிரும், வண்டி உள்ள வர வழி எங்க. ஒரு தடவை சும்மா ஒத்திகை பாக்கலாம்னு ஒரு ஸ்கூல் கிரவுண்டுக்கு ஸ்ட்ரெச்சரோட போனோம், எல்லாம் சரியா இருந்துச்சு, கேட்டுல பெரிய பூட்டு. வாட்ச்மேன் அண்ணன் சந்தைக்குப் போயிருந்தார், சாவி அவர் இடுப்புல. அன்னையில இருந்து ஒவ்வொரு பக்கத்துலயும் மேல முதல் வரி அதுதான்: சாவி யார்கிட்ட, அவர் இல்லைனா யார்கிட்ட, ரெண்டு பேர் நம்பரும். உங்க ஏரியாவுல எந்த மைதானம் கிட்டத்துல இருக்கோ அதுக்கு இந்த வாரமே போய் அந்த முதல் வரியை எழுதிட்டு வாங்க.